கல்லூரி முடிந்த பிறகும் தொலைதூர ஓட்டத்தைப் போட்டியாகவே தொடர முடியுமா? பயிற்சிக் குழு அவசியமா, தனியாக ஓடினால் போதாதா?

கேள்வி கேட்டவர் இறுதியாண்டில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகள் முடிந்து, கல்லூரியின் பெயர் பொறித்த பனியனுக்கு இனி வேலையில்லை என்று தெரியவரும் மாதங்களில்தான் இந்தக் கேள்வி எழும். தொடர முடியும் என்பது என் பதில். நேரத்தைக் குறைக்க வேண்டும், முன்னால் ஓடுபவரைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடர விரும்பினால் குழு வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். "உடல்நலத்துக்காக ஓடினால் போதாதா, எதற்குப் போட்டி?" என்று இதன் கீழே யாரேனும் எழுதக்கூடும். உடல்நலத்துக்காக ஓடுபவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கேட்கப்பட்டது போட்டியைப் பற்றி என்பதால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் தேசிய அளவில் பதக்கம் வென்றவள் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். வேலூரில் வளர்ந்து, அங்கேயே கல்லூரியில் படித்து, 5000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஓடினேன். இப்போது ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். திருமணமாகிவிட்டது. போட்டிகளில் இன்றும் ஓடுகிறேன். மாதச் சம்பளம் இருப்பதால் என்னால் முடிகிறது, எல்லோராலும் முடியுமா என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. காலணிக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு சிறியதன்று. ஆனால் எங்கள் குழுவில் கட்டட வேலைக்குச் செல்பவரும் இருக்கிறார், தோல் பதனிடும் ஆலையில் இரவுப் பணி முடித்து நேராக மைதானத்துக்கு வருபவரும் இருக்கிறார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

கல்லூரியில் நமக்குக் கிடைப்பவற்றுள் கண்ணுக்குத் தெரிவன ஸ்பைக் காலணி, பயணப்படி, போட்டி நாள்களுக்கான வருகைப்பதிவுச் சலுகை முதலியவை. ஒரு நாள் மாலை நாம் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் இருந்தது கல்லூரியை விட்டு வெளியேறிய பிறகுதான் தெரியும். சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் சில காலம் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். உடம்பில் குறையொன்றும் இல்லை, தூரமும் குறையவில்லை. ஆயினும் மூச்சு முட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்பாகவே கால்கள் தாமாக வேகத்தைத் தணித்துக்கொள்ளும். தணித்தது எனக்கே தெரியாது. பக்கத்தில் இன்னொருவருடைய காலடி ஓசை கேட்டால்தான் தெரியும். கல்லூரியில் 5000 மீட்டருக்கு நான் எடுத்துக்கொண்ட பத்தொன்பதரை நிமிடம் அந்தக் காலம் முழுவதும் பத்தொன்பதரையாகவே நின்றது. மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை.

மாவட்ட அளவிலான ஒரு போட்டியில் எனக்கு முன்னால் ஓடி முடித்த பெண்ணிடம் எங்கே பயிற்சி எடுக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் இந்தக் குழுவுக்கு வந்தேன். இதை நடத்துபவர் இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை எங்கள் பக்கத்தில் இராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. ஐயாவும் அந்த ஊர்க்காரர். கட்டணம் வாங்குவதில்லை. அவரிடம் இருந்தவர்களில் பெரும்பாலோர் இராணுவத்துக்கும் காவல்துறைக்கும் தயாராகும் பையன்கள். 5000 மீட்டர் ஓடும் ஒரு பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கும் தோன்றியது. விடை முதல் வாரத்திலேயே கிடைத்தது.

இராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். அதாவது 400 மீட்டர்ச் சுற்று ஒன்றுக்கு 82 விநாடி சொச்சம். எனக்குத் தேவைப்பட்டதோ சுற்றுக்கு 90 விநாடி. அந்த வேகத்தைப் பன்னிரண்டரைச் சுற்றும் விடாமல் பிடித்தால் 18 நிமிடம் 45 விநாடியில் 5000 மீட்டர் முடியும். தேர்வுக்கு இன்னும் தயாராகாத பையன்கள் முதல் சுற்றை 72 விநாடியில் பறந்துவிட்டு, மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஐயா அவர்களில் நால்வரை என் பின்னால் நிறுத்தினார். 1000 மீட்டர் ஓட்டம், இடையில் இரண்டு நிமிடம் நடை, மறுபடி 1000 மீட்டர் என்று ஆறு முறை. "அக்காவைத் தாண்டினால் அந்த முறை கணக்கில் வராது" என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. நான்காவது முறையிலிருந்து கட்டளை மாறும். பையன்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து ஒரு சுற்று இழுக்க வேண்டும், நான் முன்னால் ஓடுபவனின் தோளைப் பார்த்தபடி ஒட்டிக்கொண்டே போக வேண்டும். இன்னும் விடிந்திராது. சுண்ணாம்புக் கோடு மங்கலாகத் தெரியும். கைபேசி வெளிச்சத்தில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு ஐயா "எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, தொண்ணூறு" என்று உரக்க எண்ணுவார். யார் எந்த எண்ணில் கோட்டைத் தாண்டினார் என்பது எல்லோர் காதிலும் விழும். நானே கடிகாரத்தைப் பார்த்து, நானே வேகத்தை முடிவு செய்து, நானே என்னை விரட்டிக்கொண்டு ஓடியபோது செலவான மனவலிமை முழுவதும் அன்று மிச்சமாகிக் காலுக்குப் போனது. அந்தப் பையன்களோ வேகத்தைச் சமமாகப் பங்கிட்டு ஓடக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் இருவர் இன்று படையில் இருக்கிறார்கள். நான் அடுத்த பருவத்தில் 19 நிமிடத்துக்குக் கீழே வந்தேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழு என்றவுடன் தம் வேகத்திலேயே ஓடும் பத்துப் பேர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் அப்படிக் கிடைக்கலாம். நம் ஊர்களில் கிடைக்காது, கிடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 800 மீட்டர்க்காரர் உங்கள் 1000 மீட்டர்ப் பயிற்சிக்கு உதவுவார். அரை மாரத்தானுக்குத் தயாராகும் நாற்பது வயதுக்காரர் உங்கள் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குத் துணை வருவார். நாங்கள் ஞாயிறுகளில் அமிர்தி சாலையில் ஓடுகிறோம். ஜவ்வாது மலை அடிவாரத்தை நோக்கிச் சிறிது சிறிதாக ஏறும் அந்தச் சாலையில் போகும்போது பேசிக்கொண்டு போவோம், திரும்பும்போது யாரும் பேச மாட்டோம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும். சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடுவதால் அதிகாலையில்கூடக் காற்று குளிர்ந்திருக்காது. அந்த மாதங்களில் ஆறரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அப்படியென்றால் நான்கு மணிக்கு எழ வேண்டும். தனியாக இருப்பவர் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். தெருமுனையில் வண்டியுடன் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் படுக்க முடியாது.

இனி என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒன்று. எங்கள் பக்கத்தில் ஓட்டம் என்றால் வேலைக்கு ஏறும் படி என்றுதான் அர்த்தம். பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை என்னைக் கேட்டது "இன்னாம்மா, போலீசு வேலைக்கா?" என்பதுதான். இல்லை, போட்டிக்கு என்று சொன்னால், "வேலைதான் இருக்குதே, இன்னும் எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. ஐந்தரை நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் ஓடும் பையனுக்குப் பெரும்பாலும் 1500 மீட்டரிலோ 5000 மீட்டரிலோ இன்னும் எவ்வளவோ முன்னேற இடம் இருக்கிறது. ஆனால் வேலை கிடைத்த மறுநாளும் அவன் ஓட்டத்தை நிறுத்துகிறான், வயது வரம்பைக் கடந்த மறுநாளும் நிறுத்துகிறான். இருபதைச் சற்றே தாண்டிய ஒருவனைப் பார்த்து "உன் காலம் முடிந்தது" என்று ஊர் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தொலைதூர ஓட்டத்தில் உடம்பு பழுப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. லட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது அவருக்கு 27 வயது. 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 10,000 மீட்டரில் தங்கம் வென்ற கேரளத்தின் பிரீஜா ஸ்ரீதரனுக்கு 28 வயது. அவர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை. கல்லூரி முடியும் வயதில் ஓட்டத்தின் கணக்கு முடிவதில்லை என்பதற்கு இவர்களே சான்று என்கிறேன்.

கல்லூரிக்குப் பின் போட்டிகள் எங்கே இருக்கின்றன என்றும் உங்களுக்குக் குழப்பம் இருக்கும். மாவட்டத் தடகளச் சங்கம் வழியாகப் பொதுப் பிரிவில் பதிவு செய்து மாவட்டப் போட்டியில் ஓடி, அங்கிருந்து மாநிலப் போட்டிக்குச் செல்லலாம். அங்கே இரயில்வே, காவல்துறை அணிகளில் சம்பளத்தோடு பயிற்சி பெறுபவர்களோடு ஓட வேண்டியிருக்கும். முதல் முறை அவர்களைவிட ஒரு சுற்று பின்தங்கினாலும் கவலைப்பட வேண்டாம், நல்ல வேகத்தில் ஓடுவதற்கு அதுவே வாய்ப்பு. உலக அளவிலான மூத்தோர் தடகளம் 35 வயதில்தான் தொடங்குகிறது. ஆகவே 22 முதல் 35 வரை உள்ள நீண்ட இடைவெளியில் நமக்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலோர் காணாமல் போகிறார்கள். சென்னை, பெங்களூரு சாலை ஓட்டங்கள் இதை ஓரளவு நிரப்புகின்றன. காட்பாடியிலிருந்து இரண்டு நகரங்களுக்கும் இரயில் இருப்பது எங்கள் ஊரின் பெரிய வசதி.

மைதானம் பற்றிய என் மனக்குறையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நாங்கள் ஓடும் மைதானத்தைப் பொருட்காட்சிக்கும் கூட்டங்களுக்கும் விடுகிறார்கள். முடிந்த பிறகு பந்தல் கால் நட்ட குழிகளை யாரும் மூடுவதில்லை. தேர்வுக்குச் சில நாள்களே இருந்தபோது ஒரு பையன் இருட்டில் அப்படியொரு குழியில் கால் வைத்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். அந்த முறை அவனால் தேர்வுக்குப் போக முடியவில்லை. விண்ணப்பம் கொடுத்தோம், பதில் வரவில்லை. இப்போது நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மண்வெட்டியோடு நாங்களே போகிறோம்.

குழுவால் தீமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குழுவில் ஒவ்வொரு நாளும் போட்டியாகிவிடும் ஆபத்து உண்டு. மெதுவாக ஓட வேண்டிய நாளில் யாரோ ஒருவர் அரை அடி முன்னால் போவார், அடுத்தவர் ஈடுகொடுப்பார், கடைசியில் எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி. வாரத்தில் இரண்டு நாள் கடினப் பயிற்சியும் ஞாயிறு நீண்ட ஓட்டமும் குழுவோடு, மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் தனியாகவோ ஒருவரோடோ என்பது என் வழக்கம்.

நீங்கள் பெண்ணாக இருந்தால் இரண்டு செய்திகள். குழுவில் குறைந்தது இன்னொரு பெண்ணாவது இருக்கிறாரா, மைதானத்தில் கழிவறை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஓட்டத்தின் அளவு கூடும்போது மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, கடுமையாக உழைப்பதன் அடையாளம் அது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெரும்பாலும், செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு உள்ளே போகவில்லை என்பதன் அறிகுறி அது. அப்படியே விட்டால் எலும்பு வலுவிழந்து விரிசல் விழலாம். மருத்துவரைப் பாருங்கள், இரத்தத்தில் இரும்புச்சத்தையும் சோதியுங்கள். எங்கள் வீட்டில் பயிற்சி முடிந்து வந்ததும் கேழ்வரகுக் கூழும் அவித்த வேர்க்கடலையும் முட்டையும் தயாராக இருக்கும். வேலைக்குப் பேருந்து பிடிக்கும் அவசரத்திலும் அதை விடாமல் சாப்பிட வைப்பவர் என் மாமியார். அதிகாலையில் மருமகள் அரைக்கால் சட்டையோடு வெளியே போகிறாளே என்று தெருவில் பேசியவர்களுக்குப் பதில் சொன்னவரும் அவரே.

குழுவைத் தேடும்போது இணையத்தில் மட்டும் தேடாதீர்கள். உங்கள் மாவட்ட மைதானத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமையோ வியாழக்கிழமையோ விடிவதற்கு முன்பாகப் போய், ஓரமாக நின்று ஒரு முழுப் பயிற்சியைப் பாருங்கள். கடைசியாக ஓடி வருபவருக்கும் யாராவது நேரம் எண்ணுகிறார்களா என்று கவனியுங்கள். எண்ணுகிறார்கள் என்றால் அங்கே சேருங்கள். பயிற்சியாளரிடம் பேசும்போது எந்தக் கல்லூரி, என்ன பதக்கம் என்று தொடங்காமல், கடைசியாக ஓடிய 5000 மீட்டரின் நேரத்தையும் அடுத்து ஓட விரும்பும் போட்டியின் தேதியையும் சொல்லுங்கள். எங்கள் ஐயா புதிதாக வருபவர்களிடம் கேட்பது அந்த இரண்டை மட்டும்தான்.