சம்பளத்தை சீடியில் பேசாதீர்கள், தம்பி

கானாவில் டெமா துறைமுகப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி, சம்பளத்தை அந்த ஊர்ப் பணமான சீடியில் வாங்குவதா டாலரிலா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் பள்ளியும் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வருட வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள், மயங்கி விழாதீர்கள். நான் சொல்ல வந்தது சம்பளத்தைப் பற்றி.

ஒப்பந்தத்தில் தொகையை டாலரில் எழுதச் சொல்லுங்கள், கையில் தருவது சீடியாக இருந்தாலும். நான் வந்தது 2007 ஜூன். மறு மாதமே பழைய 10,000 சீடியை 1 புது சீடி ஆக்கினார்கள். டாலருக்கு ஒரு சீடிகூட ஆகவில்லை. நம்மூர் ரூபாயைவிட எவ்வளவு உசத்தி என்று பூரித்துப்போய் சீடியிலேயே கையெழுத்துப் போட்டேன். 2022 கடைசியில் டாலர் 14, 15 சீடி என்று போனபோது அந்தப் பூரிப்பின் விலை தெரிந்தது. 2025-இல் சீடி நன்றாகவே தேறியது. அதை நம்பி ஏமாறாதீர்கள்.

எங்கள் குடியிருப்பில் சிலர், இருபது வருடமாகக் காவலாளி வைத்த கேட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, உள்ளூர்க்காரர்களைப் பற்றி ‘இவங்க ஏமாத்திடுவாங்க’ என்பார்கள். கேட்காதீர்கள். 2007-இல் புது நோட்டு வந்து, ‘மதிப்பு அதேதான்’ என்று அரசு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த நாளில் சந்தையில் தக்காளிக் கூறு பத்தாயிரம் என்றாள் ஓர் அம்மா. நான்கு சைபருக்குப் பதில் மூன்றை மட்டும் அடித்துவிட்டு பத்து சீடி நோட்டை நீட்டி நடந்துவிட்டேன். ‘ஒப்ரோனி!’ (வெளிநாட்டுக்காரா!) என்று கூப்பிட்டு ஒன்பது ஒற்றை நோட்டுகளை எண்ணிக் கொடுத்தாள். இடக்கையை நீட்டினேன், பட்டென்று ஓர் அடி. இங்கே இடக்கையால் காசு கொடுப்பதும் வாங்குவதும் அவமரியாதை. இன்று அதே சந்தையில் ட்வி மொழியில் பேரம் பேசுகிறேன்.

சீடி என்றால் பாட்டு சீடி இல்லை. அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மாலத்தீவுச் சோழி கப்பல் கப்பலாக இங்கே வந்து காசாகப் புழங்கியிருக்கிறது. சில்லறைக்குப் பெயர் பெசெவா, தங்கப்பொடி நிறுத்த சிறு விதையின் பெயர். நம் ஆசாரிகளின் குன்றிமணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்பது நோட்டிலும் ஆறு தலைகள், 1948-இல் வெள்ளைக்காரன் பிடித்துப்போட்ட ஆறு தலைவர்கள். அதில் பின்னால் நாட்டின் அதிபரான நிக்ருமாவும் உண்டு, அவரை எதிர்த்து அரசியல் செய்த டான்குவாவும் உண்டு. 1965-இல் முதல் சீடி நிக்ருமாவின் முகத்தோடு வந்தது. அதே வருடம்தான் அவர் ஆட்சியின் சிறையில் டான்குவா செத்துப்போனார். இப்போது ஒரே நோட்டில் அச்சாகியிருக்கிறார்கள். ஒன்பதில் ஒன்றைச் செலவழிக்காமல் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.