கடைசி வரியில் எழுதியதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், டீச்சர்

கேள்வி: எனக்கு வயது 43. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். காலை ஏழே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போகிறேன். போகும்போது ஒரு காபி, அவ்வளவுதான். மூன்றாவது பீரியடில் வயிறு கடமுடவென்று சத்தம் போடும். முன் பெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கேட்கும். இரண்டு மாதத்துக்கு முன், ஒன்பதாம் வகுப்பில், கீழே விழுந்த டஸ்டரைக் குனிந்து எடுத்தபோது என்னையும் மீறிச் சத்தத்தோடு காற்று பிரிந்துவிட்டது. பின்னால் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அப்புறம் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வகுப்புக்குப் போகவே கால் வரவில்லை. மதியம் அரை வயிறுதான் சாப்பிடுகிறேன், தண்ணீரும் குடிப்பதில்லை. உடன் வேலை பார்க்கும் டீச்சர் சொன்னதால் தினமும் கேஸ் மாத்திரை போடுகிறேன். குறையவில்லை. இதை எப்படி நிறுத்துவது? இருமினாலோ தும்மினாலோ ஒன்றிரண்டு சொட்டு சிறுநீரும் கசிகிறது. இரண்டு பிரசவம் ஆனவர்களுக்கு அது சகஜம்தானே?

பதில்: என் அறைக்கு வருகிறவர்களில் பலர், பேசி முடித்து, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பி, "அப்புறம் டாக்டர், இன்னொரு சின்ன விஷயம்" என்பார்கள். உண்மையில் அதற்காகத்தான் அவர்கள் வந்திருப்பார்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியும் எனக்கு அப்படித்தான் பட்டது. சிறுநீர் கசிவு பிரசவமான பல பெண்களுக்கு இருக்கிறது என்பது சரி. ஆனால் அதைச் சகித்துக்கொண்டே வாழ வேண்டும் என்பது சரியில்லை. அதற்கு வருகிறேன். முதலில் அந்த டஸ்டர்.

உடல்நலம் சரியாக உள்ள ஒருவருக்கே ஒரு நாளில் 10 முதல் 20 தடவை வரை காற்று பிரியும். மொத்த அளவு அரை லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை போகும். பேசும்போதும் அவசரமாகச் சாப்பிடும்போதும் விழுங்கும் காற்றில் ஒரு பகுதி, பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் செரிக்காத உணவைப் புளிக்க வைக்கும்போது உண்டாவது மீதி. இட்லி மாவு பொங்குகிற மாதிரிதான். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் நின்றுகொண்டே உரக்கப் பேசுகிற உங்களுக்கு இது ஒன்றுகூட வராமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். குனியும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஆசனவாயை மூடி வைக்கும் தசை அந்த நொடியில் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அன்று அது ஒரு நொடி தாமதித்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

வயிற்றுச் சத்தம் வேறு கதை. சாப்பிட்டது செரித்து முடிந்ததும் இரைப்பையும் சிறுகுடலும் சும்மா இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஓர் அலை ஓடி, மிச்சம் மீதியைத் துடைத்துத் தள்ளுகிறது. காலையில் வாசல் பெருக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உணவு இல்லை, கொஞ்சம் நீரும் காற்றும்தான் இருக்கின்றன. அவை உருளும்போது சத்தம் வெளியே கேட்கிறது. குறைகுடம் கூத்தாடும் என்பது வயிற்றுக்கும் பொருந்தும். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டிருந்தால், மூன்றாவது பீரியடில் பதினோரு மணிக்கு நீங்கள் நிற்கும்போது பதினான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. நடுவில் ஒரு காபி. சத்தம் வராமல் என்ன செய்யும்? சாப்பிட ஆரம்பித்ததும் இந்தத் துடைப்பு வேலை நின்றுவிடும்.

ஆகவே, வெட்கத்துக்குப் பயந்து நீங்கள் கைக்கொண்ட பட்டினிதான் அந்தச் சத்தத்தைக் கூட்டுகிறது. இதை உங்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். ஏழே காலுக்குச் சாப்பாடு இறங்காது என்றால் டப்பாவில் மூன்று இட்லி எடுத்துப் போங்கள். பிரேயர் பெல் அடிப்பதற்குள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, மென்று, பேசாமல் சாப்பிடுங்கள். இன்டர்வெலில் ஒரு வாழைப்பழம் போதும். மதியம் அரை வயிறு வேண்டாம்.

காபியில் உள்ள பாலையும் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். நம்மில் நிறையப் பேருக்கு வயது ஏற ஏறப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் பால் காபி குடித்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வயிறு உப்பும், காற்று பிரியும். இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள். மோர், தயிர் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. வித்தியாசம் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது, தெரியாவிட்டால் பழையபடி குடிக்கலாம். முதல் நாள் இரவு மொச்சைக் குழம்போ கொண்டைக்கடலைச் சுண்டலோ காலிஃபிளவரோ சாப்பிட்டிருந்தால் மறுநாள் காற்று கூடும். பயறு வகைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவை நல்ல உணவு. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து, சனிக்கிழமை இரவில் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். காலையில் வெளிக்குப் போக உங்களுக்கு நேரம் இருக்கிறதா? சமையல், பிள்ளைகளுக்கு டப்பா, பஸ் என்று ஓடுகிற பெண்கள் அதைத்தான் முதலில் தள்ளிப்போடுகிறார்கள். மலம் தங்கத் தங்கப் புளிப்பு கூடும், காற்றும் கூடும். எதையாவது சாப்பிட்டதும் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும், காலையில் அது இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும். கால் மணி நேரம் முன்னால் எழுந்து, ஏதாவது சூடாகக் குடித்துவிட்டு, அவசரமில்லாமல் உட்காருங்கள். முதல் சில நாள் ஒன்றும் நடக்காது. பழக்கம் வர இரண்டு வாரம் பிடிக்கும்.

கேஸ் மாத்திரை என்று நீங்கள் போடுவது பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையாக இருந்தால், அது இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை. பெருங்குடலில் உண்டாகும் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெயரில்தான் கேஸ். காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் போட்டால் பி12 வைட்டமின் குறையலாம். வேறு நோய்க்காக உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்ததாக இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பக்கத்து மேசை டீச்சர் சொன்னது என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்திய சில நாள்கள் நெஞ்செரிச்சல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், தானாக அடங்கிவிடும்.

இனி அந்தக் கடைசி வரி.

என் அம்மாவும் டீச்சர்தான். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் தோளில் மாட்டிய கைப்பையைக்கூடக் கழற்றாமல், செருப்போடு நேராகக் கழிவறைக்குப் போவார். தினமும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று நாங்கள் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் புரிந்தது: காலை எட்டு மணிக்குக் கிளம்பியவர் ஒன்பது மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளியில் ஒரே கழிவறை, அதிலும் தாழ்ப்பாள் கிடையாது என்று பின்னால் ஒருமுறை சொன்னார். அதனால் உங்களுடைய "தண்ணீர் குடிப்பதில்லை" என்ற வார்த்தைகளை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகும், சிறுநீர்ப்பை எரிச்சல்படும், கொஞ்சம் சேர்ந்ததுமே போக வேண்டும் போல் தோன்றும். கிருமித்தொற்று வர வழி உண்டாகும். மலமும் இறுகும், அதை முக்கி வெளியேற்றுவதால் சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்பின் அடித்தசை இன்னும் தளரும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் கசிவுதான் கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்குக் குடியுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, முட்டினாலும் முட்டாவிட்டாலும், போய் வாருங்கள். கேரளத்தில் 2019-இல் பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்காக வாட்டர் பெல் அடிக்கத் தொடங்கினார்கள், 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. அந்த மணி டீச்சருக்கும் சேர்த்துத்தான். உங்கள் பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை என்றால் நாலு டீச்சர்கள் சேர்ந்து எச்.எம்.மிடம் கேளுங்கள். தனியாகக் கேட்கத்தான் கூச்சமாக இருக்கும்.

இடுப்பெலும்பின் அடியில் ஊஞ்சல் பலகை போல ஒரு தசைக்கூட்டம் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகிறது. பிரசவத்தில் அது இழுபட்டுத் தளர்ந்திருக்கும். தும்மும்போது மேலிருந்து அழுத்தம் வர, சிறுநீர்க் குழாயை மூடி வைக்க அதனால் முடிவதில்லை. இதே தசைகள்தான் ஆசனவாயையும் இறுக்கிப் பிடிக்கின்றன. நீங்கள் இரண்டு தொந்தரவுகள் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒரே தளர்ச்சியின் இரண்டு முகங்களாகத் தெரிகின்றன. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கீகெல் 1948-இல் எழுதிய பயிற்சிதான் இன்றைக்கும் இதற்கு முதல் சிகிச்சை. மாத்திரையும் இல்லை, அறுவையும் இல்லை.

காற்று பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, அதே நேரம் சிறுநீரை நிறுத்துவது போல முன்பக்கத்தையும் சுருக்கி, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். வயிறும் பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. முதலில் மூன்று நொடிதான் நிற்கும். போகப் போகப் பத்து நொடி வரை பிடிக்கலாம். அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். எட்டு முதல் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது வேண்டாம். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். மூன்றாம் வாரத்தில், "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டவர்கள்தான் என்னிடம் திரும்ப வருகிறார்கள். சரியாகச் செய்கிறோமா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டிடமோ மகளிர் மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

தும்மல் வரப்போகிறது என்று தெரிந்த நொடியிலேயே அந்தத் தசையை இறுக்கிவிட்டு, அப்புறம் தும்முங்கள். டஸ்டரை எடுக்கும்போதும் அப்படியே: இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி குனியுங்கள். இதைக் கைப்பழக்கமாக்கினால் பயிற்சி பலன் தருவதற்கு முன்பே வித்தியாசம் தெரியும்.

இருமல் சாக்பீஸ் தூளால் என்றால் பலகையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதுவே வறட்டு இருமலைத் தரும், மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மறுபடி நடந்தால் திட்டாதீர்கள், விளக்கமும் வேண்டாம். "மன்னிக்கணும்" என்று ஒரு சொல், அதே குரலில் கணக்கின் அடுத்த வரி. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றி உங்களைவிடப் பயம் அதிகம். நாளைக்குத் தங்களுக்கு இப்படி ஆனால் என்ன செய்வது என்று உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு பையன்கள் இதற்குள் மறந்திருப்பார்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, சிறுநீரில் எரிச்சல் அல்லது ரத்தம், சொட்டாக இல்லாமல் எப்போதும் ஈரமாகவே இருப்பது: இதில் எது இருந்தாலும் பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் நேரில் காட்டுங்கள். எதுவும் இல்லை என்றாலும் சிறுநீர்ப் பரிசோதனையும், வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அந்த ஒரு காலை மட்டும் பட்டினி இருக்கலாம். டப்பாவை லேபுக்கே எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்ததும் அங்கேயே உட்கார்ந்து இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போங்கள்.