மீட்புப் பணிக்குப் பிறகு: வாசகர் கேள்விகள்

கேள்வி: நிலநடுக்க மீட்புப் பணி முடிந்து திரும்பியதுமே எங்கள் குழுவை வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததை எல்லாம் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் அன்றிரவு கயிறுகளைக் கழுவிக் காயப்போடும்போது பக்கத்தில் நின்றவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னிடம்தான் கோளாறா?

பதில்: ஒரு கோளாறும் இல்லை. கூட்டம் நடத்தியவர்களும் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக வகுத்த முறை அது, பல நாடுகளுக்குப் பரவியது. அப்புறம் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறிப் பேசவைப்பது பின்னால் வரும் மனப்பாதிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகக்கூட முடியலாம் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியும் பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள் என்றே சொல்கிறது.

கயிறு கழுவுகிற இடத்தில் மட்டும் எப்படிப் பேச்சு வந்தது? கைக்கு வேலை இருந்தது, யாரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை, பக்கத்தில் நின்றவரோ அதே இடிபாட்டுக்குள் உங்களோடு ஊர்ந்தவர், அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று 343 பேரை இழந்த நியூயார்க் தீயணைப்புத் துறையும் ஆலோசகர்களோடு சேர்த்து, பயிற்சி பெற்ற சக வீரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டது.

குழுத் தலைவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: ‘எனக்கும் தூக்கம் வரவில்லை’ என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். குழந்தையின் உடலைத் தூக்கி வந்தவரை அடுத்த முறையும் அதே வேலைக்கு அனுப்பாதீர்கள், விளக்கு, கருவிகள் பக்கம் மாற்றிவிடுங்கள்.

ஒன்றாகச் சேர்வது ஒன்றாகக் குடிப்பதாக மாறினால் மட்டும் உஷார். 1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்பு மீட்பில் இறங்கிய தீயணைப்பு வீரர்களிடம் ஆய்வாளர்கள் அதிகம் கண்டது மதுப் பிரச்சினையைத்தான்.

கெட்ட கனவு, எரிச்சல், சத்தம் கேட்டால் தூக்கிவாரிப்போடுவது எல்லாம் முதல் சில வாரங்களில் சகஜம், பெரும்பாலோருக்குத் தானாகத் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் மீட்புப் பணியில் இருக்கிறார். சக ஊழியர்களோடு மணிக்கணக்கில் பேசுகிறார், என்னிடம் மட்டும் எதுவும் சொல்வதில்லையே?

பதில்: உங்களை ஒதுக்குகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்த்ததை வீட்டார் தலையிலும் ஏற்றக் கூடாது என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். விவரம் கேட்க வேண்டாம், தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று பாருங்கள். அவர் குழுவில் ஒருவருடைய போன் நம்பரையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்கிற மாதிரி பேச ஆரம்பித்தால், ஒரு மாதம் எல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.