கப்பல் பையனாக வந்து வைசிராயாகத் திரும்பியவர்: ரீடிங் பிரபு கேள்வி பதில்

கேள்வி: ரீடிங் பிரபு என்றால் பள்ளிப் பாடத்தில் வரும் வைசிராய், அவ்வளவுதான் தெரியும். வக்கீலாகவும் இருந்தாரா?

பதில்: வைசிராய் பதவி அவருக்கு 60 வயதில்தான் வந்தது. அதற்கு முன் ரூஃபஸ் ஐசக்ஸ் என்ற பெயரில் லண்டனில் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர் அவர். 1860-ல் யூதப் பழ வியாபாரி ஒருவர் வீட்டில் பிறந்தார். படிப்பு ஏறவில்லை. பதினாறு வயதில் கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து கல்கத்தா வரை வந்து போனார். பிறகு பங்குச் சந்தையில் இறங்கி, 1884-ல் கடனைக் கட்ட முடியாமல் நொடித்துப்போனார். நாட்டை விட்டே போகக் கிளம்பியவரை அம்மாதான் தடுத்துச் சட்டம் படிக்க வைத்தார். 1887-ல் பாரிஸ்டர் ஆனார். கையில் காசு சேர்ந்ததும் பழைய கடன்களை அடைத்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

கேள்வி: நான் ஜூனியர் வக்கீல். அவருடைய குறுக்கு விசாரணையைப் பற்றி என் சீனியர் அடிக்கடி சொல்வார். அதில் என்ன விசேஷம், ஐயா?

பதில்: தம்பி, அவர் குரலை உயர்த்தவே மாட்டார். 1912-ல் செடன் வழக்கு. செடன் என்பவர் தன் வீட்டில் குடியிருந்த எலைசா பாரோ என்ற பெண்ணை ஆர்செனிக் என்ற விஷம் கொடுத்துக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் ஐசக்ஸ். எதிர்த்தரப்பில் பெயர்பெற்ற வக்கீல் மார்ஷல் ஹால். ஐசக்ஸ் எழுந்து, அந்தப் பெண் உங்கள் வீட்டில் இருந்தாரல்லவா என்று சாதாரணமாகத் தொடங்கினார். அடுத்து, “உங்களுக்கு அவரைப் பிடித்திருந்ததா?” என்றார். செடன் திணறிப்போனார். பிடித்தது என்றால் நடிப்பு, பிடிக்கவில்லை என்றால் கொலைக்கு முகாந்திரம். விஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கும் முன்பே அந்த மனிதரின் பண ஆசை ஜூரி கண்முன் வந்துவிட்டது. செடன் தூக்கிலிடப்பட்டார்.

கணக்கிலும் அவர் புலி. 1904-ல் விட்டேக்கர் ரைட் என்ற கம்பெனி முதலாளியைக் கணக்குகளை வைத்தே மடக்கினார். பங்குச் சந்தையில் பட்ட அடி அங்கே கைகொடுத்தது என்பேன். ஏழு ஆண்டுத் தண்டனை கேட்ட ரைட், நீதிமன்றக் கட்டடத்திலேயே சயனைடு தின்று இறந்தார்.

கேள்வி: மார்க்கோனி விவகாரத்தில் அவர் தப்பு செய்தாரா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

பதில்: செய்தார். 1912-ல் அவர் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமை வக்கீல், மந்திரிசபையிலும் இருந்தார். அவருடைய தம்பி காட்ஃப்ரே, கம்பியில்லாத் தந்தி நடத்திய பிரிட்டிஷ் மார்க்கோனி கம்பெனியின் நிர்வாக இயக்குநர். அந்தக் கம்பெனிக்கு அரசு ஒப்பந்தம் கொடுக்கவிருந்தது. அந்த ஏப்ரலில் ஐசக்ஸ் அமெரிக்க மார்க்கோனி பங்குகள் 10,000 வாங்கி, நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்கு அதில் 1,000 விற்றார். அக்டோபரில் நாடாளுமன்றத்தில், அந்த பிரிட்டிஷ் கம்பெனியின் பங்கு எதையும் நாங்கள் வாங்கவில்லை என்றார். சொன்னது பொய்யில்லை, ஆனால் அமெரிக்கப் பங்குகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாட்சிகளின் பாதி உண்மையைக் கிழித்துப் பேர் வாங்கியவர் சபையில் பாதி உண்மை சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. 1913 ஜூனில் வருத்தம் தெரிவித்தார். அக்டோபரில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி! அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் யூதர்.

கேள்வி: காந்தியைச் சந்தித்தாரா?

பதில்: வைசிராயாக வந்ததும், 1921 மே மாதம் சிம்லாவில் இருவரும் பலமுறை பேசினார்கள். பொறுமையாகக் கேட்டார், மரியாதையாக நடத்தினார். 1922 மார்ச்சில் அவருடைய அரசு காந்தியைக் கைது செய்தது. ஆறு ஆண்டுத் தண்டனை. விசாரணையின்றிச் சிறையில் அடைக்க இடம் கொடுத்த ரௌலட் சட்டத்தை நீக்கியதும் அதே அரசுதான். ஆனால் 1923-ல் உப்பு வரியை இரட்டிப்பாக்குவதைச் சட்டசபை நிராகரித்தபோது, தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி நிறைவேற்றினார். சட்டம் இடம் கொடுத்தது, உண்மை. ஏழையின் உப்பில் அதைச் செய்திருக்கக் கூடாது.

கேள்வி: போத்தனூர் ரயில் சோகம் இவர் காலத்தில்தானே?

பதில்: ஆமாம், 1921 நவம்பர். மலபாரில் நடந்த மாப்பிளா கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகளைத் திரூரில் காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது 50-க்கும் மேற்பட்டோர் மூச்சுமுட்டி இறந்துகிடந்தார்கள்.

கேள்வி: கடைசிக் காலம் எப்படி?

பதில்: 1930-ல் முதல் மனைவி ஆலிஸ் இறந்தார். அடுத்த ஆண்டு ஸ்டெல்லாவை மணந்தார், சில மாதங்கள் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். 1935 டிசம்பர் 30 அன்று காலமானார். ஸ்டெல்லாவைப் பற்றித் தனியாகவே கேளுங்கள். 1938-ல் பெண்கள் தொண்டர் படையைத் தொடங்கியவர், 1958-ல் பிரபுக்கள் சபைக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண்களில் ஒருவர்.