சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஆண்கள் வளர்ந்ததும் அதையே செய்வார்கள் என்பது உண்மையா?

இல்லை. இதே கேள்வியோடு இரண்டு வருடம் தூங்காமல் கிடந்தவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். ஒன்பது வயதில், டியூஷன் எடுத்த ஒரு அண்ணனால் எனக்கு அது நடந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஆம்பளைப் பிள்ளைக்கும் இப்படி நடக்கும் என்று எங்கள் ஊரில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

மகள் பிறந்த பிறகுதான் பயம் பிடித்தது. நீங்கள் கேட்டிருக்கும் அதே வரியை எங்கேயோ படித்துத் தொலைத்திருந்தேன். செல்லூர் வீட்டில் மனைவி வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, "பிள்ளையக் கொஞ்சம் குளிப்பாட்டுங்க, அடுப்புல பால் இருக்கு" என்பாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவேன். தப்பான எண்ணம் ஒன்றுகூட வந்ததில்லை, வந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்: "பொம்பளைப் பிள்ளைனு மனசுல குறையா?" அன்றைக்கு ராத்திரிதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். மறுவாரம் மனநல மருத்துவரிடம் அவள்தான் கூட்டிப்போனாள். அவர் சொன்ன பிறகு நானே தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குற்றம் செய்தவர்களில் தொடங்கிப் பின்னோக்கிப் பார்த்தால் அந்த வரி சரி போலத் தெரியும். அமெரிக்காவில் பாலியல் குற்றத்துக்காகச் சிகிச்சையில் இருந்த 679 ஆண்களைக் கேட்டபோது, மற்ற ஆண்களைவிட அவர்களிடம் சிறுவயதுப் பாலியல் கொடுமை இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அடி, வசவு, கவனிப்பில்லாத வீடு, எல்லாமே கூடுதல். ஆனால் பாதிக்கப்பட்ட பையன்களில் தொடங்கி முன்னோக்கிப் பாருங்கள். பிரிட்டனில் அப்படி 224 பேரின் பிற்கால வாழ்க்கையைப் பார்த்த ஆய்வு 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பின்னாளில் குற்றம் செய்தவர்கள் 26 பேர். மீதி 198 பேர் செய்ததாகத் தெரியவில்லை. அந்த 198-ஐ நான் விரல்விட்டு எண்ணாத குறைதான். அந்த 26 பேரிடம் கூடுதலாகத் தெரிந்தவை: சோறு துணிகூடச் சரியாகக் கிடைக்காத வீடு, கண்காணிக்க ஆளில்லாமை, கண்முன்னே அடிதடி. அமெரிக்காவில் 2015-ல் வந்த இன்னொரு ஆய்விலும், பின்னாளில் பாலியல் குற்றத்துக்குக் கைதாவதோடு தெளிவாகத் தொடர்பு தெரிந்தது உடல்ரீதியான அடிக்கும் புறக்கணிப்புக்கும்தான்.

இதையும் யோசியுங்கள். 2007-ல் மத்திய அரசு 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் பையன்கள். அந்த வரி உண்மையென்றால் நாடே தாங்காது. அதை நம்பினால் எந்தப் பையன் வாய் திறப்பான்? 2012 போக்சோ சட்டம் பையன்களையும் சேர்த்தே காக்கிறது என்பது இன்றும் பல பெற்றோருக்குத் தெரியவில்லை.

அந்த அண்ணனுக்கும் சிறுவயதில் ஏதாவது நடந்திருக்கலாம். நடந்திருந்தால் அந்தப் பையனுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் அவர் எனக்குச் செய்ததற்கு அதைச் சாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமை காலையில் மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றுவது நான்தான். சீயக்காய் கண்ணில் இறங்காமல் நெற்றியில் கையை அணைகட்டிப் பிடித்துக்கொள்வேன். "அப்பா, எரியுது" என்று எரியாமலே கத்துவாள்.

நீங்கள் உங்களுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். குழந்தை ஒன்றுக்காக என்றால் 1098.