பிரிட்டனின் லேபர் கட்சியில் இடதுசாரிகள் ஏன் தோற்றார்கள்: கேள்வி பதில்

கட்சியின் இடதுசாரித் தலைவர் பெவான் 1951-ல் லேபர் அரசின் அமைச்சர் பதவியை விட்டது, இலவச அரசு மருத்துவத்தில் பொய்ப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்ததற்காக மட்டும்தானா?

கட்டணம் உடனடிக் காரணம். அடியில் இருந்தது ஆயுதச் செலவு. கொரியப் போர் தொடங்கியதும் மூன்றாண்டு ஆயுதத் திட்டத்தை 470 கோடி பவுண்டுக்கு உயர்த்தினார்கள். பொய்ப்பல், கண்ணாடிக் கட்டணத்தால் முதல் ஆண்டில் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் எதிர்பார்த்தது வெறும் 1.3 கோடி பவுண்டு. இந்தச் சில்லறைக்காக இலவச மருத்துவம் என்ற கொள்கையை உடைப்பதா என்று கேட்டார் பெவான். கூடவே விலகிய ஹரால்ட் வில்சன் வேறொன்றைச் சொன்னார்: மூலப்பொருளும் இயந்திரமும் இல்லாமல் அந்தப் பணத்தைச் செலவழிக்கவே முடியாது. அடுத்து வந்த சர்ச்சில் அரசு அந்தத் திட்டத்தை நீட்டித் தளர்த்தியது. வில்சன் சொன்னதுதான் நடந்தது.

1952-ல் மோர்கம் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் பெவான் அணி ஏழில் ஆறு இடம் பிடித்ததே, பிறகு கட்சி ஏன் கைக்கு வரவில்லை?

அந்த ஏழும் கட்சியை நடத்தும் தேசியச் செயற்குழுவில் தொகுதிக் கட்சிகளுக்கான இடங்கள் மட்டுமே. மூத்த தலைவர்களான மாரிசனையும் டால்டனையும் அங்கே வீழ்த்தியது பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் 12 இடம் தொழிற்சங்கங்களுடையதாக இருந்தது. பெண்களுக்கான 5 இடத்துக்கும் பொருளாளர் பதவிக்கும் அன்று மாநாடு முழுவதும் ஓட்டுப் போட்டது. அங்கே தீர்மானித்தது சங்கங்களின் மொத்த ஓட்டு. எத்தனை உறுப்பினருக்குச் சங்கம் கட்சிக்குச் சந்தா கட்டியதோ அத்தனை ஓட்டு அதற்கு. சங்கத்துக்குள் 49 பேர் மறுத்தாலும் 51 பேர் சொன்ன பக்கமே அத்தனையும் விழும். டீக்கின், லாதர், வில்லியம்சன் என்ற மூன்று வலதுசாரிச் சங்கத் தலைவர்கள் கைகோத்தால் மாநாடே அவர்கள் பக்கம்.

1954 பொருளாளர் தேர்தலைப் பாருங்கள். கெய்ட்ஸ்கெல்லுக்கு 43 லட்சம், பெவானுக்கு 20 லட்சம். பெவான் சுரங்கத் தொழிலாளியாக இருந்து வந்தவர். அவருடைய சுரங்கச் சங்கமே எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டது.

அப்படியென்றால் 1960-ல் அணு ஆயுதத்துக்கு எதிரான தீர்மானம் எப்படி நிறைவேறியது?

அதே இயந்திரம் ஒருமுறை இடப்பக்கம் சுழன்றது, அவ்வளவுதான். போக்குவரத்துச் சங்கத்துக்கு 1956-ல் அணு ஆயுதத்தை எதிர்த்த ஃபிராங்க் கசின்ஸ் தலைமைக்கு வந்திருந்தார். மறு ஆண்டு பொறியியல் சங்கமும் கடை ஊழியர் சங்கமும் நிலை மாற்றின, தீர்மானம் கவிழ்ந்தது.

1981 கட்சித் துணைத் தலைவர் தேர்தலில் இடதுசாரி டோனி பென், வலதுசாரி ஹீலியிடம் தோற்றது எத்தனை ஓட்டில்?

ஹீலி 50.426 விழுக்காடு, பென் 49.574. அந்த ஆண்டு ஜனவரியில் வெம்ப்ளி சிறப்பு மாநாடு வகுத்த ஓட்டுப் பங்கீடு இது: சங்கங்களுக்கு 40, எம்பிக்களுக்கு 30, தொகுதிகளுக்கு 30. தொகுதிகளின் 30-ல் பென் 24.3 வாங்கினார். சங்கங்களில் 15 தான். அங்கே போக்குவரத்துச் சங்கம் முதல் சுற்றில் மூன்றாம் வேட்பாளர் சில்கினுக்கும் இரண்டாம் சுற்றில் பென்னுக்கும் போட்டது. பொது ஊழியர் சங்கம் உறுப்பினர்களைக் கேட்டது, அவர்கள் ஹீலி என்றார்கள்.

எம்பிக்களில் ஹீலிக்கு 137, பென்னுக்கு 71. போட்டவர்களை வைத்துத்தான் விழுக்காடு கணக்கிட்டார்கள். நடுநிலை காத்தவர்களில் ஐந்து பேர் பென்னுக்குப் போட்டிருந்தால் ஹீலி 49.96-க்கு இறங்கியிருப்பார். நடுநிலை காத்தவர்களில் கின்னக் ஒருவர், இடதுசாரி எம்பிக்களின் டிரிப்யூன் குழுக்காரர். ஹீலிக்குப் போட்ட சிலரோ பிறகு லேபரிலிருந்து பிரிந்த சமூக ஜனநாயகக் கட்சிக்குப் போய்விட்டார்கள். டிரிப்யூன் குழு இரண்டாகப் பிளந்ததும் 1982-ல் பென் பக்கத்து எம்பிக்களின் சோஷலிஸ்ட் பிரச்சாரக் குழு பிறந்ததும் இந்த ஐந்து ஓட்டால்தான் என்பேன்.

‘மிலிட்டன்ட்’ பத்திரிகையைச் சுற்றி லேபருக்குள் இயங்கிய டிராட்ஸ்கியவாதக் குழு சிறிய கும்பல்தானே, தொகுதிகளை எப்படிப் பிடித்தார்கள்?

தொகுதிக் கட்சிகள் காலியாகக் கிடந்தன. 1963 முதல் ஒவ்வொரு தொகுதியும் குறைந்தது 1,000 உறுப்பினருக்குச் சந்தா கட்டியாக வேண்டும் என்ற விதி. உண்மையில் அத்தனை பேர் பல தொகுதிகளில் இல்லை. வார்டு கூட்டத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர். தவறாமல் வரும் ஒரு சிறு குழு பிரதிநிதிகளை அனுப்பிவிடும். அந்தப் பிரதிநிதிகளின் பொதுக்குழுதான் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. தடை செய்யப்பட்ட அமைப்புகளின் பட்டியலை 1973-லேயே கட்சி எடுத்துவிட்டதும் உதவியது. “நாங்கள் ஒரு பத்திரிகையின் வாசகர்கள்” என்று சொன்னால் போதும்.

மிலிட்டன்ட் ஆட்களை வெளியேற்ற ஏன் அத்தனை வருடம்?

1975-ல் மிலிட்டன்ட் பற்றிக் கட்சி அதிகாரி அண்டர்ஹில்லின் அறிக்கை வந்தும் இடதுசாரிச் செயற்குழு அதை வெளியிடவில்லை. 1983-ல் மிலிட்டன்ட் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் ஐந்து பேரை நீக்கினார்கள். லிவர்பூல் ஆட்களை நீக்கும்போதுதான் சட்டம் குறுக்கே வந்தது. விசாரணைக் குழுவில் இருந்தவர்கள் தீர்ப்பும் சொல்லக் கூடாது என்றது நீதிமன்றம். 1986 மார்ச்சில் விசாரணைக் குழுவினர் ஒதுங்க, இடதுசாரிகள் எழுந்து வெளியேற, செயற்குழுக் கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாமல் போனது. லிவர்பூல் மிலிட்டன்ட் தலைவர்களில் ஒருவரான ஹாட்டனை ஜூனில்தான் நீக்க முடிந்தது. அதே ஆண்டு ஒழுங்கு நடவடிக்கைக்கென்று தேசிய அரசியலமைப்புக் குழுவைத் தனியே அமைத்தார்கள். அதன்பின் குற்றம் சாட்டியது செயற்குழு, விசாரித்தது இந்தக் குழு.