மலைக்காட்டுக் கணக்கெடுப்புக்கு இன்னும் ஆள் போக வேண்டுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "இலங்கை மத்திய மலைநாட்டில், சிவனொளிபாத மலைப் பக்கத்து உச்சிக் காட்டில் தாவரங்களையும் விலங்குகளையும் கணக்கெடுக்க இரண்டு வாரம் வரச் சொல்கிறார்கள். தானியங்கிக் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் வந்துவிட்ட காலத்தில் ஆள் போய் என்ன ஆகப்போகிறது?"

நீங்கள் உயிரியல் படித்து முடித்தவர், ஆனால் காட்டுக்குள் தங்கிப் பழக்கமில்லாதவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், கூடப் படித்தவர்கள் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி வந்திருக்கும். தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. அந்தக் காட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்து கணக்கெடுப்புக் குழுக்களோடு போகிறேன். முதலில் மூட்டை தூக்க, அப்புறம் வழி காட்ட, பிறகு நாடா பிடிக்க, இப்போது மரத்துக்குப் பெயர் சொல்ல. "ஆள் போய் என்ன ஆகப்போகிறது" என்ற வரி எனக்குக் கொஞ்சம் சுட்டது. அதனால் பதில் நீளமாக இருக்கும்.

முதலில் ஒன்று. நான் கருவிகளுக்கு எதிரி இல்லை. கீழே பின்னூட்டத்தில் யாராவது "பழைய பஞ்சாங்கம்" என்று எழுதுவார்கள், அதற்காகச் சொல்லி வைக்கிறேன். சிறுத்தை எந்த முகட்டில் நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கேமராவைக் கட்டிவிட்டு வருவதுதான் புத்தி. மனிதன் உட்கார்ந்திருந்தால் அது வராது. ஆனால் ஹோட்டன் சமவெளியின் தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1937க்குப் பிறகு கண்ணில் படுவதே அபூர்வமாகி, அழிந்தே போய்விட்டதோ என்று பயந்திருந்த உயிர் அது. 2010இல் அதன் படங்கள் வெளியாகி உலகமே பார்த்தது. இரவு இரவாக டோர்ச் அடித்து, மரம் மரமாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தவர்களால் கிடைத்தது அது. ஆந்தைக் கதையும் அப்படித்தான். பறவை ஆய்வாளர் தீபால் வரககொட 1995இல் கித்துல்கல காட்டில் கேட்டறியாத ஒரு குரலைக் கேட்டார். 2001இல் சிங்கராஜக் காட்டில்தான் அந்த ஆந்தையையே கண்ணால் பார்க்க முடிந்தது. 2004இல் புதிய இனமாக அறிவித்தார்கள். குரல் முதலிலேயே கிடைத்திருந்தது. யாருடைய குரல் என்று சொல்ல ஆறு வருடமாக ஒரு மனிதர் தேடிப் போக வேண்டியிருந்தது.

செடி கொடிக்கு வந்தால் கருவி இன்னும் பின்னால் நிற்கிறது. உச்சிக் காட்டு மரம் உயரமாக வளராது. காற்றுக்கு முறுகி, அடியிலேயே கிளை விட்டு, உடம்பெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அந்த 1.3 மீட்டரை எடுப்போம். பாசிக்கு மேலே நாடாவைச் சுற்றினால் மரத்தோடு பாசியையும் சேர்த்து அளந்ததாகிவிடும். பாசியைப் பிய்த்தெறியவும் கூடாது, அதற்குள்ளேயும் உயிர் இருக்கிறது. விரலால் மெல்ல நகர்த்தி, நாடாவை உள்ளே செருகி, அளந்த பிறகு பாசியைத் திரும்ப அமர்த்த வேண்டும். கை மரத்துப்போகும் குளிரில் இதை ஒரு நாள் முழுக்கச் செய்தால்தான் சில சதுரங்களாவது முடியும்.

போகும் நேரத்தில் பெரும்பாலான மரங்களில் பூவோ காயோ இருக்காது. அப்போது இலைதான் எல்லாம். ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசி குத்திய மாதிரி எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்து, ஓரத்தை ஒட்டியே ஒரு நரம்பு ஓடினால் அது நாவல் குடும்பம். நரம்புகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நெருக்கமாக, ஒரே சீராகப் பக்கவாட்டில் ஓடி, காம்பில் பால் கசிந்தால் சிங்களத்தில் கீன என்று சொல்லும் மரம். அடியிலிருந்து மூன்று நரம்பு கிளம்பி, கசக்கினால் கறுவா வாசம் வந்தால் அது கறுவா இனம். இது கல்லூரியில் வராது என்று சொல்லவில்லை. ஆனால் ஈர இலை கையில் இருக்கும்போது வருவது வேறு.

இப்போது உங்களுக்கு உண்மையாகச் சொல்ல வந்த விஷயம். ஒரு குழுவோடு போயிருந்தபோது, என் வேலை மாதிரி எடுப்பது. அங்கே காற்றில் எப்போதும் ஈரம், அமுக்குப் பலகையில் வைத்து உலர்த்தினால் இலை கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து, கட்டாகக் கட்டி, ஸ்பிரிட் ஊற்றி, பொலித்தீன் பையில் இறுக்கி மூடி விடுவோம். கீழே இறங்கிய பிறகுதான் உலர்த்துவது. அப்படி ஒரு சிறு மரத்தில் கொப்பை வெட்டப் போனபோது, எங்களோடு வந்த தோட்டத்து அண்ணன் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியே காலம் தள்ளியவர் அவர், வெட்டுவதற்கு முன்னால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். "தம்பி, இத வெட்டாத. முட்ட இருக்கு" என்றார்.

இலையின் அடியில் கண்ணாடி மணி மணியாக ஒரு சிறு கொத்து ஒட்டியிருந்தது. டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு மணிக்குள்ளேயும் கால் முளைத்த ஒரு தவளைக் குஞ்சு சுருண்டு கிடந்தது. ஒன்று கண் முன்னாலேயே புரண்டது. எங்கள் மலைப் புதர்த் தவளைகளுக்கு வாற்பேய்ப் பருவம் கிடையாது. தண்ணீரும் வேண்டாம், முட்டைக்குள்ளேயே தவளையாகி வெளியே குதிக்கும். பெரும்பாலான இனங்கள் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். இலைக்கு அடியில் ஒட்ட வைப்பது மிகச் சில. முட்டை சத்தம் போடாது, நடக்காது, உடம்புச் சூடும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியும் கேமராவும் அந்த மரத்தடியிலேயே இருந்திருந்தாலும் அதைக் கண்டிருக்காது. தவளை ஆய்வுக்கு வந்த அக்கா அங்கேயே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். எந்த மரம், எந்த உயரம், எந்த இலை என்று செடிக் கொப்பியிலும் தவளைக் கொப்பியிலும் ஒரே எண்ணைப் போட்டு எழுதினோம். செடி ஆளும் தவளை ஆளும் ஒன்றாக நின்றதால்தான் அந்த வரி எழுதப்பட்டது.

சரி, கண்டதை எழுதுவது எல்லோருக்கும் பிடிக்கும். காணாததை எழுதுவதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன். இலங்கையில் 100க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன. 15க்கும் மேற்பட்ட புதர்த் தவளை இனங்கள் அழிந்துவிட்டதாகவும் பட்டியலில் இருக்கின்றன. அந்த அழிந்தவற்றில் பலவும் நமக்குப் பழைய அருங்காட்சியகப் போத்தல்களில் இருக்கும் உடம்புகளாக மட்டுமே தெரியும். எந்த வருடம், எந்தச் சரிவில் கடைசியாக இருந்தன? சொல்ல ஆளில்லை. காடு தேயிலையான காலத்தில், "இந்த ஓடையில் இன்றிரவு தேடினேன், ஒன்றும் இல்லை" என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மருத்துவர் கெலார்ட் 1853இல் விவரித்த ஒரு தவளை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், அழிந்த பட்டியலில் இருந்து, பிறகு இந்தச் சிவனொளிபாத மலைக் காட்டிலேயே திரும்பக் கிடைத்தது. 2013இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதே வருடம் அதே காட்டிலிருந்து எட்டுப் புதிய புதர்த் தவளை இனங்களும் அறிவிக்கப்பட்டன. 1940இலேயே சரணாலயமாக்கிய, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. வருடத்தில் பாதி நாள் லட்சக்கணக்கானோர் படியேறும் மலை. யாத்திரைப் பாதையை விட்டு விலகிவிட்டால் அங்கே தேடிப் பார்த்தவர்கள் அவ்வளவு குறைவு.

இடத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பேராதனையில் சாட்சி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தைப் பொறுப்பாகப் பார்த்த த்வைட்ஸ் பெரிய உழைப்பாளி. அவர் சேர்த்த மாதிரிகள் இல்லாமல் இலங்கைத் தாவரவியலே இல்லை. ஆனால் அவர் எண் கொடுத்தது இனத்துக்கு. வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நாளில் எடுத்த கொப்புகள் ஒரே எண்ணுக்குள் போய்விட்டன. இன்று அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எந்த மலைக்குத் திரும்பிப் போவது என்று பல சமயம் தெரியாது. அதனால்தான் நான் இளம் பிள்ளைகளிடம் பென்சிலால் எழுதச் சொல்வேன், மழையில் பேனா மை ஓடிவிடும். இடம், உயரம், நேரம், எவ்வளவு நேரம் தேடினோம், எத்தனை பேர், மழையா வெயிலா. ஒன்றும் கிடைக்காத சதுரத்துக்கும் ஒரு முழுப் பக்கம்.

இனி என் ஆதங்கம். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்பீர்கள், பரவாயில்லை. அந்த முட்டையைக் கண்ட அண்ணனின் பெயர் அறிக்கையில் எங்கும் இல்லை. "உள்ளூர் உதவியாளர்கள்" என்று ஒரு சொல். எல்லாக் குழுவும் அப்படி இல்லை, பெயர் போட்டு, பிரதி அனுப்பி வைத்த நல்லவர்களும் உண்டு. அனுப்பினாலும் வந்து சேர்வது வேறு பாடு. லயத்தில் வீட்டுக்கென்று முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கே யாருக்காவது நினைவு வரும்போது கொடுப்பார்கள். ஒரு நிரந்தர வேலைக்கான நேர்முகக் கடிதம் எனக்கு அப்படித்தான் வந்தது, திகதி முடிந்த பிறகு. தேயிலைச் செடிக்குக்கூட எந்த மலை, எந்த நம்பர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் மனிதருக்கு ஒரு கதவு எண் கொடுக்க இவ்வளவு காலம் ஏன் ஆகிறது என்று எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போங்கள். மே மாதத்துக்குப் பிறகு என்றால் தென்மேல் பருவமழை, உடுப்பு காயாது, அட்டையும் அதிகம். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள், வெளிப்புறம் சவர்க்காரம் தேய்த்தால் ஏறுவது குறையும். சப்பாத்தை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகுமுன் கழுவிக் காய வையுங்கள், தவளைக்கு நோய் சேற்றோடு போகும். ஒரு இலை எடுப்பதானாலும் அனுமதிப் பத்திரம் குழுவிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கூட வரும் தோட்டத்து ஆட்களோடு இரவில் உட்கார்ந்து பேசுங்கள், தமிழ் தெரிந்தவர் என்பதால் உங்களிடம் நிறையச் சொல்வார்கள்.

அப்புறம், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குழுத் தலைவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். உதவியாளர்களின் பெயர் அறிக்கையில் வருமா, எந்தப் பதிவு யாருடையது என்று கொப்பியில் எழுதுவீர்களா என்று. யோசிக்காமல் "ஆம்" என்றால் அது நல்ல குழு. அவர்களோடு போங்கள்.